எம்பெடட் வேலைக்குக் கட்டற்ற கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைக்ரோகண்ட்ரோலருக்குக் கோடு எழுதுகிறவர்களும் எழுதத் தொடங்கப் போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். ரவுட்டர், செட்டாப் பாக்ஸ் மாதிரி லினக்ஸ் ஓடும் சாதனங்களை இங்கே தொடவில்லை. சில கிலோபைட் ராமை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் சின்னச் சிப்புகள்தான் பேச்சு. சில இடங்களில் என் சாய்வு தெரியும், மறைக்கப் போவதில்லை.

காசு கொடுத்து வாங்கும் ஐடிஇ (கோடு எழுதி, கட்டி, சோதிக்கும் மென்பொருள்) இல்லாமல், முழுக்கக் கட்டற்ற கருவிகளை வைத்தே ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோக முடியுமா?

முடியும். பல வருடங்களாகவே முடிகிறது. பலர் தெரிந்தே செய்கிறார்கள், சிலர் தெரியாமலேயே செய்கிறார்கள். எஸ்டி என்ற சிப் கம்பெனியின் எஸ்டிஎம்32கியூப்ஐடிஇ-யைத் திறந்து பில்ட் பட்டனை அழுத்தினால் உள்ளே ஓடுவது ஜிசிசி என்ற கட்டற்ற கம்பைலர். கண்ணுக்குத் தெரியும் ஜன்னல் எக்லிப்ஸ் என்ற கட்டற்ற ஐடிஇ. ஈஎஸ்பி32-இன் ஈஎஸ்பி-ஐடிஎஃப், ராஸ்பெர்ரி பை பிக்கோவின் எஸ்டிகே (சிப்போடு தரும் கோடு, கருவித் தொகுப்பு), ஆர்டுயினோ, எதை எடுத்தாலும் அடியில் அதே ஜிசிசிதான்.

அதனால் கம்பைலரைப் பற்றி இன்னும் கவலைப்பட்டுக்கொண்டிருப்பது பழைய பழக்கம். இன்று ஆளைப் படுத்துவது வேறு விஷயங்கள்: சிப்பில் எழுதி, நிறுத்தி, உள்ளே பார்க்க உதவும் பகுதி; சிப் கம்பெனி கொடுக்கும் கோடு; ரேடியோ; சான்றிதழ். கடந்த பத்து வருட முன்னேற்றத்தில் பெரும்பங்கு முதல் விஷயத்தில்தான் நடந்திருக்கிறது. மற்றவை இன்னும் அரைகுறை.

ஜிசிசி போட்டால் பைனரி (சிப்பில் ஏற்றும் ஃபைல்) பெரிதாக வருகிறதே, காசுக்கு விற்கும் கீல் கம்பைலர் சின்னதாகக் கொடுத்தது என்கிறார்களே?

பாதி உண்மை, பாதி பழைய கதை.

கொஞ்சம் பின்னணி சொல்கிறேன். ஆர்ம் சிப்புகளுக்கு ஜிசிசி வேண்டுமென்றால் ஒரு காலத்தில் கோட்சோர்சரி என்ற கம்பெனி கட்டிக்கொடுத்த இலவசப் பதிப்பைத்தான் எல்லோரும் இறக்கினார்கள். 2010-இல் அதை மெண்டர் கிராபிக்ஸ் வாங்கிக்கொண்டது. 2011-இலிருந்து ஆர்ம் நிறுவனமே கார்டெக்ஸ்-எம் என்ற சின்ன ரகச் சிப்புகளுக்கான ஜிசிசியைக் கட்டி, சோதித்து, வெளியிட ஆரம்பித்தது. கீல் கம்பைலரை விற்கும் அதே ஆர்ம் (2005-இல் கீலை வாங்கியது) இன்னொரு கையால் ஜிசிசியையும் கொடுக்கிறது என்பது முதலில் விநோதமாகத் தெரியும். ஆர்முக்கு வருமானம் சிப் வடிவமைப்பின் உரிமத்திலிருந்து வருகிறது, கருவி அதற்கு வழிவிட்டால் போதும்.

இப்போது பைனரி அளவுக்கு வருவோம். பெரும்பாலான நேரம் குற்றவாளி கம்பைலர் இல்லை, கூட வரும் சி லைப்ரரி. நியூலிப் என்ற லைப்ரரியின் முழுப் பதிப்பில் ஒரே ஒரு பிரிண்ட்எஃப் கூப்பிட்டால் போதும், பல கிலோபைட் வந்து உட்கார்ந்துகொள்ளும். நியூலிப்-நானோ என்ற சிறிய பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனிப் பிரிவில் போடச் சொல்லி, பயன்படாதவற்றை லிங்கரை (துண்டுகளை ஒன்றாகக் கோக்கும் கருவி) விட்டு வெட்டச் சொல்லுங்கள். அளவுக்கான ஆப்டிமைசேஷனைப் போடுங்கள். இதைச் செய்யாமல் ஒப்பிட்டவர்கள்தான் அந்தக் கதையைப் பரப்பியவர்கள். நானோவுக்கு மாறியதும் தசம எண்ணை அச்சடித்தால் வெறுமையாக வரும், பதறாதீர்கள். இடத்தை மிச்சம் பிடிக்க அந்த வசதியைக் கழற்றி வைத்திருக்கிறார்கள், லிங்கருக்கு ஒரு வார்த்தை சொன்னால் திரும்பி வரும்.

கீத் பேக்கர்ட் தொடங்கிய பிக்கோலிப்சி என்று இன்னொரு சி லைப்ரரி இருக்கிறது. நியூலிப்பையும் ஏவிஆர் சிப்புகளுக்கான லைப்ரரியையும் எடுத்துச் சேர்த்துச் செதுக்கியது. செஃபிர் என்ற சின்ன இயங்குதளம் (கீழே வருகிறது) இப்போது முடிந்த இடத்திலெல்லாம் அதையே இயல்பாக எடுத்துக்கொள்கிறது, எனக்கும் இப்போது அதுதான் முதல் தேர்வு.

சரி, கீல் பக்கம்? கீலோடு வரும் ஆர்ம் கம்பைலர் 6 என்பதே எல்எல்விஎம், கிளாங் என்ற கட்டற்ற கம்பைலர் அடித்தளத்தின் மேல் கட்டியது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்சும் தன் ஆர்ம் கம்பைலரை அதே அடித்தளத்துக்கு மாற்றிவிட்டது. 2025-இல் ஆர்ம் தன் எம்பெடட் எல்எல்விஎம் டூல்செயினைப் புதுப் பெயரில் கட்டற்றதாகவே வெளியிட்டது, அதில் வரும் சி லைப்ரரியும் பிக்கோலிப்சி. ஆக இரண்டு முகாம்களும் ஒரே வகைக் கிணற்றில்தான் தண்ணீர் இறைக்கின்றன. சில சதவீத வித்தியாசம் சில புரோகிராம்களில் இன்னும் இருக்கும், ஐஏஆர் என்ற வணிகக் கம்பைலர் பல நேரம் அதில் முந்தும். அந்தச் சில சதவீதத்துக்காகக் காசு கொடுப்பது, சிப்பைப் பத்து லட்சக் கணக்கில் வாங்குகிறவர்களுக்கு நியாயம்.

8051, பிக் மாதிரி பழைய சிப்புகளுக்கு?

8051, இசட்80, எஸ்டிஎம்8 மூன்றுக்கும் எஸ்டிசிசி இருக்கிறது. சந்தீப் தத்தா தொடங்கிய கம்பைலர், இன்றும் உயிரோடு இருக்கிறது, புதுப் பதிப்புகள் வருகின்றன. கல்லூரி லேபில் 2 கிலோபைட் வரம்பு வைத்த கீல் இலவசப் பதிப்போடு மல்லுக்கட்டுகிறவர்கள், வரம்பை உடைக்க எங்கிருந்தோ கிராக் இறக்கிப் போடுகிறவர்கள், தயவுசெய்து இதைப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: கீலுக்கு எழுதிய 8051 கோடு அப்படியே ஏறாது, பிட் மாறிகளையும் இன்டரப்ட் ஃபங்ஷன்களையும் அறிவிக்கும் முறை வேறு.

பிக் என்றால் பாடு கொஞ்சம் கஷ்டம். எஸ்டிசிசியில் பிக்குக்கான பகுதி பராமரிப்பு இல்லாமல் கிடக்கிறது. பிக் சிப்பைச் செய்யும் மைக்ரோசிப்பின் 32 பிட் கம்பைலர் ஜிசிசியிலிருந்து வந்ததுதான், ஆனால் பல வருடங்களாக உயர்ந்த ஆப்டிமைசேஷன் நிலைகளை உரிமச் சாவிக்குப் பின்னால் பூட்டி வைத்திருந்தார்கள். மூலக் கோடைக் கொடுக்கச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தின் எழுத்துப்படி அதையும் கொடுத்தார்கள். சட்டப்படி சரி, எனக்கென்னவோ ரசிக்கவில்லை.

டீபக்கர் பக்கம் என்ன மாறியிருக்கிறது? இன்னும் ஓப்பன்ஓசிடியோடு கட்டிப்புரள வேண்டுமா?

நிறைய மாறியிருக்கிறது. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

ஓடும் கோடை நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவிதான் டீபக்கர், ஜிடிபி அதில் ரொம்பப் பழையது. அது சிப்போடு நேரடியாகப் பேசாது, நடுவில் ஒரு தரகர் வேண்டும். ஜிடிபி சொல்வதைக் கேட்டு, யுஎஸ்பி வழியாக ப்ரோபுக்கு (கணினிக்கும் சிப்புக்கும் நடுவில் செருகும் சின்னச் சாதனம்) சொல்லி, ப்ரோப் அதை ஜேடேக் அல்லது எஸ்டபிள்யூடி சிக்னலாக மாற்றிச் சிப்பிடம் சொல்ல வேண்டும். அந்தத் தரகர்தான் ஓப்பன்ஓசிடி. ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தில் டொமினிக் ராத் என்ற மாணவர் 2005 வாக்கில் தன் பட்டயத் திட்டமாகச் செய்தது. அதற்கு முன் ஒரு நல்ல ஜேடேக் ப்ரோப் என்றால் மாணவர் நினைத்துப் பார்க்க முடியாத விலை.

ஓப்பன்ஓசிடி பேசாத சிப் குறைவு, பேசாத ப்ரோபும் குறைவு. அதன் கான்ஃபிக் ஃபைல்கள் டிசிஎல் மொழியில் இருக்கும், பிழைச் செய்திகள் எழுதியவருக்கே புரியுமா என்று சந்தேகம் வரும், ஒரு பதிப்புக்கும் அடுத்த பதிப்புக்கும் நடுவில் வருடக்கணக்கில் இடைவெளி விழும். 0.12 பதிப்பு 2023 ஜனவரியில் வந்தது. அதனால் சிப் கம்பெனிகள் ஆளுக்கொரு பிரதி எடுத்துத் தங்கள் மாற்றங்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள்: எஸ்டிக்கு ஒன்று, ஈஎஸ்பி32 செய்யும் எஸ்பிரெசிஃபுக்கு ஒன்று, ராஸ்பெர்ரி பைக்கு ஒன்று. ஒரே கணினியில் இதெல்லாம் ஒன்றாக இருக்கும்போது எது ஓடுகிறது என்று பாதையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாதி மர்மங்கள் அங்கேயே தீரும்.

பெரிய மாற்றம் ப்ரோப் பக்கத்தில் வந்தது. சிஎம்சிஸ்-டாப் என்று ஆர்ம் ஒரு பொது நெறிமுறையை வெளியிட்டது. அதைப் பேசும் ப்ரோபை யார் வேண்டுமானாலும் செய்யலாம், எந்த மென்பொருளும் அதோடு பேசலாம். ராஸ்பெர்ரி பை 2023-இல் 12 டாலருக்கு விட்ட டீபக் ப்ரோப் இந்த ரகம். ஒரு சாதாரண பிக்கோ போர்டில் அதே ஃபர்ம்வேரை (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றினால் அதுவும் ப்ரோப் ஆகிவிடும். ஒரு பிக்கோவின் விலைக்கு டீபக்கர் கிடைக்கிறது என்றால், எல்இடியை அணைத்து ஏற்றிப் பிழை தேடும் காலம் மலையேறிவிட்டது என்றுதான் அர்த்தம்.

பிளாக் மேஜிக் ப்ரோப் இன்னொரு வழியில் போனது: தரகரையே ப்ரோபுக்குள் வைத்துவிட்டார்கள். செருகினால் சீரியல் போர்ட் மாதிரி தெரியும், ஜிடிபியை நேராக அதோடு இணைத்துவிடலாம். கான்ஃபிக் ஃபைல் கிடையாது. அது ஆதரிக்கும் சிப்பாக இருந்தால் இதைவிடச் சுகமான அனுபவம் நான் பார்த்ததில்லை.

அப்புறம் பைஓசிடி, பைத்தானில் எழுதியது. ப்ரோப்-ஆர்எஸ், ரஸ்ட் மொழியில் எழுதியது. இந்த இரண்டும் செய்த புத்திசாலித்தனம் ஒன்று உண்டு. ஒவ்வொரு சிப்பின் ஃபிளாஷிலும் எப்படி எழுத வேண்டும் என்ற சின்னஞ்சிறு புரோகிராமை ஓப்பன்ஓசிடிக்காரர்கள் தாங்களே உட்கார்ந்து எழுதினார்கள். பைஓசிடியும் ப்ரோப்-ஆர்எஸ்ஸும், கீலுக்காகச் சிப் கம்பெனிகள் ஏற்கெனவே வெளியிட்டு வைத்திருக்கும் பேக் ஃபைல்களிலிருந்து அதை எடுத்துக்கொள்கின்றன. புதுச் சிப் வந்தால் கீலுக்கு பேக் வரும், அதன் கூடவே இவற்றுக்கும் வழி பிறக்கும்.

ஜே-லிங்க் ப்ரோப் பற்றிக் கேட்பீர்கள். அருமையான கருவி, கட்டற்றது இல்லை, வேகத்தில் இன்னும் அதுதான் ராஜா. அலுவலகத்தில் வாங்கித் தந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

நீல நிற எஸ்டிஎம்32 போர்டு வாங்கினேன், ஓப்பன்ஓசிடி "எதிர்பாராத ஐடி" என்று சொல்லி நின்றுவிடுகிறது. போர்டு செத்துவிட்டதா?

சாகவில்லை, போலி. "புளூ பில்" என்று விற்கும் அந்த மலிவுப் போர்டுகளில் பலவற்றில் இருப்பது எஸ்டியின் சிப் இல்லை, அதைப் பார்த்துச் செய்த வேறு கம்பெனியின் சிப். அசலின் அடையாள எண் 1-இல் தொடங்கும், நகலின் எண் 2-இல் தொடங்கும், மற்ற இலக்கங்கள் அதேதான். கான்ஃபிக்கில் எதிர்பார்க்கும் எண்ணை மாற்றிக் கொடுத்தால் ஓப்பன்ஓசிடி சமாதானமாகிவிடும். எஸ்டியின் சொந்த ஐடிஇ அப்படி விடாது, அசல் சிப் இல்லை என்று கண்டால் இணைய மறுத்துவிடும். பழகுவதற்கு நகல் போதும். விற்கப் போகும் பொருளில் வைக்காதீர்கள்.

டீபக்கரில் ரிஜிஸ்டர்களை (சிப்பின் பகுதிகளை இயக்கும் நினைவிடங்கள்) பெயரோடு பார்க்க முடியுமா? வெறும் முகவரியும் எண்ணும் கண்ணைக் கட்டுகிறது.

முடியும், எஸ்விடி ஃபைல் வேண்டும். ஒரு சிப்பில் எந்த முகவரியில் எந்த ரிஜிஸ்டர், அதில் எந்த பிட்டுக்கு என்ன பெயர் என்று விவரிக்கும் எக்ஸ்எம்எல் ஃபைல் அது, சிப் கம்பெனிகளே தருகிறார்கள். விஎஸ் கோடில் கார்டெக்ஸ்-டீபக் நீட்சியைப் போட்டு அந்த ஃபைலைக் காட்டிவிட்டால் டைமர், யுஆர்ட் எல்லாம் பெயர் சொல்லி வரிசையாக விரியும்.

நம்பி மட்டும் விடாதீர்கள். இந்த ஃபைல்களில் தப்பு நிறைய. பிட் இடம் மாறியிருக்கும், ரிஜிஸ்டரே விடுபட்டிருக்கும், ஒரே குடும்பத்தின் இரண்டு சிப்புகளில் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருக்கும். ரஸ்ட் ஆட்கள் இந்த ஃபைல்களிலிருந்து நேரடியாக லைப்ரரி உருவாக்குகிறார்கள், அதனால் தப்பெல்லாம் அவர்கள் தலையில்தான் முதலில் விழுந்தது. எஸ்டிஎம்32-க்கு மட்டும் எஸ்டிஎம்32-ஆர்எஸ் என்ற தனித் திட்டம் வைத்து, திருத்தங்களைக் கைகளால் எழுதிச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெரிய கம்பெனி கொடுத்த ஆவணத்தைத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து பிழைதிருத்துவது, இந்தத் துறை எப்படி ஓடுகிறது என்பதற்கு நல்ல உதாரணம்.

எந்த ஆர்டிஓஎஸ் (நேரம் தவறாமல் பல வேலைகளை ஓட்டும் சின்ன இயங்குதளம்)? ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸா, செஃபிரா?

ஃப்ரீஆர்டிஓஎஸ் என்பது வேலைகளை முறைவைத்து ஓட்டும் ஷெட்யூலரும், அவற்றை ஒருங்கிணைக்கும் கியூக்களும் செமஃபோர்களும் சேர்ந்த ஒரு சின்ன மையம். ரிச்சர்ட் பாரி 2003-இல் தொடங்கினார், 2017-இல் அமேசான் பொறுப்பேற்று தாராளமான எம்ஐடி உரிமத்துக்கு மாற்றியது. ஒரு மதியத்தில் படித்துப் புரிந்துகொள்ளலாம். டிரைவர், ஃபைல் சிஸ்டம், ப்ளூடூத் எல்லாம் உங்கள் பாடு, அல்லது சிப் கம்பெனி பாடு.

செஃபிர் முழுக்க வேறு ஜாதி. 2016-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் திட்டமாக வந்தது, மூலம் விண்ட் ரிவர் கம்பெனியின் ராக்கெட் என்ற ஆர்டிஓஎஸ். லினக்ஸ் கர்னல் பழக்கங்களை அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள்: ஹார்டுவேரை விவரிக்க டிவைஸ்ட்ரீ, வசதிகளைத் தேர்ந்தெடுக்க கேகான்ஃபிக், இதற்கு மேல் பில்ட் செய்ய சிமேக், பல களஞ்சியங்களை இழுத்து வர வெஸ்ட் என்ற கருவி. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். டிவைஸ்ட்ரீயில் ஒரு எழுத்துத் தப்பினால் சி மேக்ரோக்களுக்குள் பத்து அடுக்கு தாண்டி ஒரு பிழை வரும், அதைப் பார்த்து மூலக் காரணத்தைச் சொல்லப் பழகுவதற்குள் தலைமுடி கொட்டும். பழகிவிட்டால் கிடைக்கும் பலனும் பெரிது: ஒரு கம்பெனியின் சென்சார் போர்டில் எழுதியதை இன்னொரு கம்பெனியின் சிப்புக்கு மாற்றும்போது பயன்பாட்டுக் கோடைத் தொடாமல் போர்டு விவரத்தை மட்டும் மாற்றினால் போதும் என்கிற நிலை பெரும்பாலும் நிஜமாகவே வேலை செய்கிறது. சிப் தட்டுப்பாடு வந்த 2021-இல் இதன் மதிப்பு பலருக்கு உறைத்தது. ப்ளூடூத் சிப் செய்யும் நார்டிக் தன் எஸ்டிகேயையே செஃபிர் மேல் கட்டிவிட்டது. ப்ளூடூத்துக்கு மூலக் கோடோடு கண்ட்ரோலர் வரை இங்கே கிடைக்கிறது.

என் கணக்கு: ஒரே போர்டு, நாலைந்து டாஸ்க், ரேடியோ இல்லை என்றால் ஃப்ரீஆர்டிஓஎஸ். நெட்வொர்க், ஃபர்ம்வேர் அப்டேட், பல போர்டுகள் என்றால் செஃபிரின் முதல் வாரத்தைச் சகித்துக்கொள்ளுங்கள்.

போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களின் பொது இடைமுகம்) பழக்கம் உள்ளவர்களுக்கு நட்எக்ஸ் உண்டு, இப்போது அப்பாச்சி திட்டம். த்ரெட்எக்ஸ் கதை இன்னும் சுவாரஸ்யம்: பல வருடம் காசுக்கு விற்றார்கள், 2019-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 2023-இல் எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைத்துவிட்டது, இப்போது எம்ஐடி உரிமம். மறுபக்கம், எம்பெட் என்ற தன் இயங்குதளத்தை 2026 ஜூலையோடு நிறுத்துவதாக ஆர்ம் 2024-இல் அறிவித்தது. எம்பெட்டின் கோடு கட்டற்றதுதான், ஆனால் ஓட்டியது ஒரே கம்பெனி. உரிமம் மட்டும் பார்த்தால் போதாது, யாரெல்லாம் கோடு போடுகிறார்கள் என்று பாருங்கள்.

ஆர்டுயினோவை விளையாட்டுச் சாமான் என்கிறார்களே?

சொல்கிறவர்கள் சொல்லட்டும். 2005-இல் இத்தாலியின் இவ்ரேயாவில் தொடங்கிய அந்தத் திட்டம் ஏவிஆர் சிப்புகளுக்கான ஜிசிசியையும் கோடை ஏற்றும் ஏவிஆர்டியூடையும் ஒரு பட்டனுக்குப் பின்னால் ஒளித்து வைத்தது, அந்தப் பட்டன் வழியாக உள்ளே வந்தவர்கள் எத்தனை பேர். பொருளாக விற்கும் அளவுக்குப் போகும்போது பிளாட்ஃபார்ம்ஐஓ மாதிரி ஒன்றுக்கு மாறுங்கள், அங்கே லைப்ரரிகளின் பதிப்பைப் பூட்டி வைக்கலாம், கமாண்ட் லைனில் பில்ட் செய்யலாம். அதிலும் ஒரு சிக்கல் வந்தது: ஈஎஸ்பி32 ஆர்டுயினோவின் 3-ஆம் பதிப்பு அதிகாரபூர்வ பிளாட்ஃபார்ம்ஐஓவில் சேரவில்லை, அதற்காகச் சமூகத்தினர் பையோஆர்டுயினோ என்று தனிக் கிளை பிரித்து நடத்துகிறார்கள். குவால்காம் 2025 அக்டோபரில் ஆர்டுயினோவை வாங்குவதாக அறிவித்திருக்கிறது.

ஈஎஸ்பி32 முழுக்க ஓப்பன் சோர்ஸ் தானே?

இல்லை. ஈஎஸ்பி-ஐடிஎஃப் அப்பாச்சி உரிமத்தில் வருகிறது, ஆவணங்கள் பிரமாதம், பில்ட் கருவி, ஏற்றும் கருவி எல்லாம் திறந்தது. சி3, எஸ்3, சி6 சிப்புகளில் ஜேடேக் வசதியே சிப்புக்குள் இருக்கிறது, யுஎஸ்பி கேபிளைச் செருகினால் டீபக் செய்யலாம், தனி ப்ரோபே வேண்டாம். ஆனால் வைஃபையின் கீழ்த்தட்டு மூலக் கோடு இல்லாத பைனரி லைப்ரரியாகத்தான் வருகிறது. அதைப் பிரித்துப் படித்துக் கட்டற்றதாக மறுபடி எழுத ஒரு ஆர்வலர் குழு முயன்றுகொண்டிருக்கிறது, பாக்கெட் அனுப்பிப் பெறும் அளவுக்கு வந்திருக்கிறார்கள். பிக்கோ டபிள்யூவிலும் வைஃபை சிப்புக்கு மூடிய ஃபர்ம்வேர்தான். ரேடியோ என்று வந்தால் இன்றைக்கு இதுதான் பொது நிலை.

ஜிசிசி ஜிபிஎல் உரிமம். என் ஃபர்ம்வேரின் மூலக் கோடையும் வெளியிட வேண்டி வருமா? மேனேஜர் பயப்படுகிறார்.

வேண்டாம். கம்பைலரின் உரிமம் கம்பைலருக்கு. உங்கள் பைனரிக்குள் வந்து சேரும் ஜிசிசியின் சின்ன ரன்டைம் லைப்ரரிக்கும் தனி விதிவிலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள், மூடிய மென்பொருளோடு சேர்க்கலாம் என்று. நியூலிப், பிக்கோலிப்சி பெரும்பாலும் பிஎஸ்டி வகை உரிமம். அந்த அறிவிப்புகளைப் பொருளோடு சேர்த்துக் கொடுத்தால் போதும்.

மேனேஜர் பயப்பட வேண்டிய இடம் வேறு. சிப் கம்பெனியின் எஸ்டிகே ஃபோல்டருக்குள் ஒவ்வொரு ஃபைலின் தலையையும் படியுங்கள். "எங்கள் சிப்பில் மட்டுமே ஓட்டலாம்" என்று ஒரு வரி சில ஃபைல்களில் இருக்கும். பக்கத்திலேயே பிஎஸ்டி உரிமத்தில் இன்னொரு ஃபைல் இருக்கும். பொதுவெளியில் கிடைக்கிறது என்பதாலேயே அது கட்டற்றது ஆகிவிடாது.

போர்டு கையில் இல்லாமல் சோதிக்க முடியுமா?

மூன்று படிகளில் செய்யலாம். கணக்குப் போடும் பகுதி, ப்ரோட்டோகால் பகுதி, ஸ்டேட் மெஷின் இதையெல்லாம் ஹார்டுவேரிலிருந்து பிரித்து எழுதி, உங்கள் கணினியிலேயே யூனிட்டி அல்லது சிப்பியுடெஸ்ட் என்ற சோதனைக் கட்டமைப்பை வைத்து ஓட்டுங்கள். இது இலவசம், வேகம், முக்கால்வாசி பிழைகள் இங்கேயே சிக்கும். அடுத்து, செஃபிராக இருந்தால் முழுப் பயன்பாட்டையும் லினக்ஸ் புரோகிராமாகவே கட்டி ஓட்டும் வசதி இருக்கிறது. கடைசியில் எமுலேட்டர் (சிப்பைப் போல நடிக்கும் மென்பொருள்): கியூஎமு சில கார்டெக்ஸ்-எம் போர்டுகளை ஆதரிக்கிறது, போலந்தின் ஆன்ட்மைக்ரோ செய்யும் ரெனோட் இன்னும் நிறையச் சிப்புகளை, சுற்றியுள்ள சென்சார்கள் உட்பட, பாவனை செய்கிறது. அனலாக் நடத்தை, மின்சாரச் செலவு, நேரத் துல்லியம் இதெல்லாம் எமுலேட்டரில் தெரியாது. அதற்கு மேசைதான்.

ரஸ்ட்டுக்கு இப்போதே மாறலாமா?

புதுத் திட்டம், ஆர்ம் அல்லது ரிஸ்க்-வி (யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த செயலித் தரம்) சிப், குழுவில் ஆர்வமுள்ள ஆள் இருந்தால் தாராளமாக. டிரைவர்களுக்கான பொது இடைமுகமான எம்பெடட்-ஹாலின் 1.0 பதிப்பு வந்தது 2024 ஜனவரியில், அதுவரை டிரைவர் எழுதுகிறவர்கள் அசைகிற தரையில் நின்றார்கள், இப்போது தரை நின்றுவிட்டது. எம்பஸி என்ற அசிங்க் (async) கட்டமைப்பைப் பயன்படுத்தினால் ஆர்டிஓஎஸ் இல்லாமலேயே பல வேலைகளை அழகாக ஓட்டலாம். பத்து வருட சி கோடு கையில் இருக்கிறது என்றால் அதைத் தூக்கிப் போட நான் சொல்ல மாட்டேன்.

கார், மருத்துவக் கருவி மாதிரி இடங்களில் கட்டற்ற கம்பைலரை ஒப்புக்கொள்வார்களா?

தடை எதுவும் இல்லை, வேலை உண்டு. கார் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 26262 மாதிரித் தரநிலைகள் கருவி நம்பகமானது என்று காட்டச் சொல்கின்றன. காசுக்கு விற்கும் கம்பைலரோடு அந்தக் காகிதக் கட்டும் வரும். ஜிசிசியோடு வராது, நீங்களே சோதனை ஓட்டி, தெரிந்த பிழைகளைப் பட்டியலிட்டு, கட்ட வேண்டும், அல்லது யாரிடமாவது வாங்க வேண்டும். நிறுவனங்கள் கம்பைலருக்குக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி இந்தக் காகிதத்துக்குத்தான். ரஸ்ட் பக்கத்தில் ஃபெரோசீன் என்ற கம்பைலர் 2023-இல் சான்றிதழும் வாங்கி மூலக் கோடையும் திறந்து வைத்தது, அந்த மாதிரி இன்னும் வர வேண்டும்.

மிஸ்ரா விதிகளை (பாதுகாப்பாகச் சி எழுதுவதற்கான விதிகள்) சோதிக்க சிபிபிசெக் இருக்கிறது. மீறியதாகச் சொல்லும்போது விதியின் எண்ணை மட்டும்தான் காட்டும், ஏனென்றால் விதி வாசகங்களுக்குப் பதிப்புரிமை உண்டு. ஆவணத்தை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ரிஸ்க்-வி வந்ததால் கருவிகளில் ஏதாவது மாறியதா?

ஜிசிசி 2017-இல் 7-ஆம் பதிப்பிலேயே ரிஸ்க்-வியைச் சேர்த்துக்கொண்டது, அதனால் புதுச் சிப் செய்கிறவர்கள் கம்பைலருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சென்னை ஐஐடியின் சக்தி செயலிகளுக்கும் அதே ஜிசிசி, அதே ஓப்பன்ஓசிடிதான். ஒரு பல்கலைக்கழகம் செயலி வடிவமைத்து அதற்குக் கருவிகளையும் முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தால் திட்டம் எழுந்தே இருக்காது. இன்னொரு கோடியில், டபிள்யூசிஎச் கம்பெனியின் சிஎச்32வி003 சிப்: 16 கிலோபைட் ஃபிளாஷ், 2 கிலோபைட் ராம், மொத்தமாக வாங்கினால் பத்து அமெரிக்க சென்ட் அளவில் விலை. இதற்கு ஆர்வலர்கள் செய்த சிஎச்32ஃபன் என்ற சின்னக் கட்டமைப்பு கம்பெனியின் சொந்த ஐடிஇயைவிடப் பல மடங்கு சுத்தம்.

சிக்னல் பார்க்க லாஜிக் அனலைசர்?

24 மெகாஹெர்ட்ஸ், 8 சானல் என்று மலிவாக விற்கும் அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியை வாங்கி, சிக்ராக் திட்டத்தின் பல்ஸ்வியூ மென்பொருளைப் போடுங்கள். ஐ2சி, எஸ்பிஐ, யுஆர்ட் எல்லாம் பிரித்து எழுத்தாகவே காட்டும். வேகமான எஸ்பிஐக்குப் போதாது, மற்றதற்கு ஏராளம்.

சரி, தொடங்க எதை வாங்கட்டும்?

இரண்டு பிக்கோ. ஒன்று இலக்கு, மற்றது ப்ரோப். 2021-இல் 4 டாலருக்கு வந்த போர்டு, எஸ்டிகே பிஎஸ்டி உரிமம், சிப்புக்குள் இருக்கும் பூட் ரோமின் மூலக் கோடு கூட வெளியே இருக்கிறது. கொஞ்சம் கூடக் கொடுத்து பிக்கோ 2 வாங்கினால் ஆர்ம் கோர், ரிஸ்க்-வி கோர் இரண்டில் எதை ஓட்டுவது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அந்த ரிஸ்க்-வி கோரின் வடிவமைப்பும் திறந்த மூலம். சி எழுதுங்கள், முதல் நாளே ஜிடிபியில் பிரேக்பாயிண்ட் வைத்துப் பழகுங்கள். பிரிண்ட்எஃப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு விடாது.

ப்ரோபைச் செருகினேன், கணினி கண்டுகொள்ளவே இல்லை.

லினக்ஸ் என்றால் ரூட்டாக ஓட்டிப் பாருங்கள். ரூட்டாக வேலை செய்தால் அனுமதிச் சிக்கல்தான், ஓப்பன்ஓசிடி அல்லது ப்ரோப்-ஆர்எஸ் தரும் யுடெவ் விதி ஃபைலைப் போட்டு, ப்ரோபைக் கழற்றிச் செருகுங்கள். அதற்காக எப்போதும் ரூட்டாகவே ஓட்டாதீர்கள். விண்டோசில் பழைய ப்ரோபுகளுக்கு சடிக் என்ற கருவியை வைத்து டிரைவர் மாற்ற வேண்டி வரும், மாற்றியபின் கம்பெனியின் சொந்த மென்பொருள் அதே ப்ரோபோடு பேசாமல் போகலாம், டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவரைத் திரும்பப் போட்டால் சரியாகும். இரண்டும் இல்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். மொபைல் சார்ஜரோடு வந்த சில கேபிள்களில் டேட்டா கம்பியே இருக்காது.